தோட்டக் காவலுக்குக் காப்பக நாய்

தோட்டத்தில் குடியிருக்கும் விவசாயிக்கு நாய் அவசியம். இரவில் மோட்டார் கொட்டகையில் கேபிள் திருடுபோகாமல் இருக்கவும், களத்தில் காயும் தானியத்துக்கும் பட்டியில் அடைத்த ஆட்டுக்கும் காவலாக இருக்கவும், பாம்போ கீரியோ வந்தால் குரல் கொடுக்கவும் ஒரு நாய் இருந்தால் வீட்டார் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் நாய் வாங்க வேண்டும் என்றவுடன் பலர் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து அயல்நாட்டுச் சாதிக் குட்டியைத் தேடிப் போகிறார்கள். அடர்ந்த ரோமமுள்ள அந்த நாய்கள் நம் சித்திரை வெயிலில் இளைத்து, நிழலை விட்டு நகராமல் படுத்துக் கிடக்கின்றன. மருத்துவச் செலவும் அதிகம்.

இதே நேரத்தில், நகரங்களை ஒட்டியுள்ள நாய்க் காப்பகங்களில் நம் நாட்டு நாய்கள் நிறைய இருக்கின்றன. வாகனத்தில் அடிபட்டு எடுத்து வரப்பட்டவை, வளர்த்தவர்கள் வீடு மாறும்போது கைவிட்டவை, தாயை இழந்த குட்டிகள் என்று பல வகை. இவற்றுக்கு வேண்டியது ஓர் இடமும், இரண்டு வேளைச் சோறும், பெயர் சொல்லி அழைக்க ஒரு வீடும்தான். இத்தகைய நாயைச் சிறு விவசாயி எப்படித் தேர்ந்தெடுத்து வளர்ப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆடு கடிக்கும் நாயை வளர்ப்பதா?

இந்தக் கேள்வி நியாயமானது. காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பகுதிகளில் 2024, 2025 ஆண்டுகளில் தெரு நாய்க் கூட்டங்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. விவசாயிகள் இறந்த ஆடுகளுடன் சாலைக்கு வந்து போராடும் நிலை ஏற்பட்டது. ஆட்டை இழந்த குடும்பத்திடம் நாயிடம் அன்பு காட்டச் சொன்னால் கோபம்தான் வரும்.

ஆனால் அந்தக் கூட்டங்கள் எப்படி உண்டாகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். ஊரில் தேவையில்லாத பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ச் சாலையோரத்தில் விடுகிறார்கள். கோழிக்கடைக் கழிவை ஓடையில் கொட்டுகிறார்கள். பெட்டை நாய் சாதாரணமாக வருடத்துக்கு இருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாட்கள். பச்சை மாமிசக் கழிவைத் தின்று, கூட்டமாகச் சுற்றி, எவருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாமல் வளரும் நாய்தான் பட்டியில் பாய்கிறது. கருத்தடை செய்து, வீட்டில் சோறு போட்டு, இரவில் தன் எல்லைக்குள் நிறுத்தி வளர்க்கும் நாய் அந்தக் கூட்டத்தில் சேருவதில்லை. அந்நிய நாய் வந்தால் அதுவே முதலில் குரைத்துக் காட்டிக் கொடுக்கும்.

விஷம் வைப்பது தீர்வாகாது. விஷம் கலந்த தீனியைத் தெரு நாய் மட்டும் தின்பதில்லை. பக்கத்துத் தோட்டத்து நாய், கீரி, மயில் எல்லாம் தின்று சாகும். மேலும், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவின்படி விலங்கைக் கொல்வதும் முடமாக்குவதும் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

எந்த நாயைத் தேர்ந்தெடுப்பது?

காப்பகத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் குட்டியைத்தான் கேட்கிறார்கள். ஒரு காப்பகத்தில் நான் கண்ட செவலைப் பெட்டை நாய் ஒன்று இதற்கு நல்ல உதாரணம். வயது மூன்று இருக்கும். லாரி இடித்ததில் ஒரு பின்னங்கால் சற்றே நொண்டும். தடுப்பூசி, கருத்தடை எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் யார் வந்தாலும் முதலில் குரைப்பது அதுதான். பணியாள் ஒரு வார்த்தை சொன்னால் உடனே நிறுத்திவிடும். தீனித் தட்டைப் பக்கத்து நாய் நெருங்கினாலும் சண்டைக்குப் போகாது. ஆனால் நொண்டி என்பதாலும் வயதானது என்பதாலும் ஓராண்டுக்கு மேல் அதைக் கேட்டு எவரும் வரவில்லை. தோட்டக் காவலுக்கு வேட்டைக்கால் எதற்கு? காதும் குரலும் கட்டுப்பாடும் இருந்தால் போதும். அந்த மூன்றும் அதனிடம் இருந்தன.

வளர்ந்த நாயை எடுப்பதில் லாபம் உண்டு. அதன் உடலளவும் குணமும் முன்பே தெரிந்துவிடும். வளருமா, இறந்துவிடுமா என்ற கவலை இல்லை. குட்டிகளைப் பார்வோ வைரஸ் கழிச்சல் நோய் கொத்துக் கொத்தாகக் கொல்லும். 1978-இல் உலகின் பல பாகங்களில் தோன்றிய இந்நோய், தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு இன்றும் எமனாக இருக்கிறது.

ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் வேறு விதமாக முடிவு செய்ய வேண்டும். ஆட்டை விரட்டிப் பழகிய பெரிய நாயைத் திருத்துவது கடினம். நாய்க்குட்டி மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை எதனுடன் பழகுகிறதோ அதைத் தன் இனமாகக் கொள்ளும். ஆகவே தாயிடம் பால் மறந்த எட்டு வாரக் குட்டியை வாங்கி, பட்டி ஓரத்தில் தடுப்பு வைத்து, ஆட்டு வாசனையிலேயே வளர்ப்பது நல்லது. விளையாட்டாகக் கூட ஆட்டைத் துரத்த விடக் கூடாது.

காப்பகத்தில் கவனிக்க வேண்டியவை:

1. கண்ணில் பீளை, மூக்கில் சளி, கழிச்சல் இருக்கக் கூடாது.
2. வயதைப் பல்லில் பார்க்கலாம். குட்டிக்கு 28 பால் பற்கள். நான்கு மாதத்தில் விழத் தொடங்கும். ஏழு மாதத்துக்குள் 42 நிலைப் பற்கள் வந்துவிடும்.
3. காது நுனி வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை செய்த நாய் என்று பொருள்.
4. வெண்ணிற நாயானால் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்கவும். உடல் முழுதும் வெளுத்த நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.
5. தடுப்பூசி அட்டையைத் தேதியுடன் கேட்டு வாங்கவும்.

தெருவில் உள்ள நாயையே எடுத்து வளர்க்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22 அன்று ஆணையிட்டது. அப்படி எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக் கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்றும் அந்த ஆணை கூறுகிறது.

முதல் மூன்று மாதம்

புதிய இடத்துக்கு வந்த நாய் முதல் மூன்று நாள் சரியாகத் தின்னாது. மூலையில் ஒடுங்கும். அதட்டவோ, குழந்தைகளை விட்டுத் தூக்கச் செய்யவோ கூடாது. மூன்று வாரத்தில் வீட்டாரின் நேரமும் குரலும் பழகும். இது தன் வீடு என்று நாய் உணர மூன்று மாதம் ஆகலாம். பத்து நாளில் "இது உதவாது" என்று திருப்பி அனுப்புவது தவறு.

முதல் இரண்டு வாரம் தொழுவத்து ஓரத்தில், மற்ற நாய்களிடமிருந்து ஒதுக்கி, நீண்ட கயிற்றில் கட்டவும். பிறகு கயிற்றைக் கையில் பிடித்தபடியே மாடு, ஆடு, கோழி ஆகியவற்றைக் காட்டிப் பழக்கவும். பகலில் தினமும் இருமுறை வரப்போரமாக நடத்தித் தோட்டத்து எல்லையை அறியச் செய்யவும். இரவும் பகலும் சங்கிலியிலேயே கிடக்கும் நாய் நல்ல காவல் நாய் ஆகாது. அது வெறுப்பேறிக் கடிக்கும் நாயாக மாறும்.

வனத்தை ஒட்டிய கிராமங்களில் இரவில் நாயை வெளியே கட்டக் கூடாது. கட்டிய நாய் சிறுத்தையை வீட்டு வாசலுக்கு அழைத்து வரும். திண்ணைக்கு உட்புறமோ கதவுள்ள கொட்டகையிலோ அடைக்க வேண்டும்.

தீனி

கஞ்சித் தண்ணீரும் மீந்த சோறும் மட்டும் போட்டால் நாய் மெலிந்து, ரோமம் உதிர்ந்து, சொறி பிடிக்கும். 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கிராம் அரிசி அல்லது கேழ்வரகைச் சமைத்து, அதனுடன் இரண்டு வேகவைத்த முட்டையோ, 100 கிராம் வேகவைத்த இறைச்சித் துண்டுகளோ சேர்த்து, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். மோர் சேர்ப்பது நல்லது. மிளகாய், வெங்காயம் சேர்ந்த குழம்பு ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு குச்சி குச்சியாக உடைந்து குடலைக் கிழிக்கும். நிழலில் எப்போதும் குடிதண்ணீர் இருக்க வேண்டும்.

வயலில் சிங்க் பாஸ்பைடு எலி மருந்து வைக்கும் நாட்களில் நாயைக் கட்டி வைக்கவும். காலையில் மீந்த மருந்தையும் செத்த எலிகளையும் சேகரித்துப் புதைத்த பின்பே அவிழ்க்க வேண்டும்.

நாயால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வரும் நோய்

ஆடு வெட்டும்போது ஈரலிலோ நுரையீரலிலோ நீர் நிறைந்த கட்டி இருந்தால் அதை நாய்க்கு வீசுவது நம் ஊர் வழக்கம். இதுபோன்ற ஆபத்தான பழக்கம் வேறில்லை. அந்தக் கட்டிக்குள் இருக்கும் புழுப்பருவம் நாயின் குடலில் நாடாப்புழுவாக வளரும். அதன் முட்டைகள் நாயின் மலத்துடன் புல்லில் விழுந்து மறுபடி ஆட்டுக்கும், கை கழுவாமல் சாப்பிடும் மனிதருக்கும் போய்ச் சேரும். மனிதர் ஈரலிலும் இதே நீர்க்கட்டி உண்டாகும். ஆடு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வட்டமாகச் சுற்றுவதும் நாயின் நாடாப்புழு ஒன்றினால் மூளையில் உண்டாகும் கட்டியின் விளைவே.

தடுக்கும் முறை எளிது. கட்டி உள்ள உறுப்பை ஆழக் குழியில் புதைக்கவும். நாய்க்குப் பச்சைக் குடல், ஈரல் போடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிராசிகுவாண்டெல் சேர்ந்த குடற்புழு நீக்க மருந்தை எடைக்குத் தக்கபடி கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்கவும். நாயின் மலம் தீவனத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் படாமல் பார்த்துக் கொள்ளவும்.

சொறிக்கு மண்ணெண்ணெயும் பழைய என்ஜின் ஆயிலும் பூசுவதைக் கைவிட வேண்டும். நாய் அதை நக்கி விஷமேறும். தோலும் வெந்துபோகும். சொறிக்கும் உண்ணிக்கும் இப்போது நல்ல மருந்துகள் உள்ளன.

வெறிநோய்: உயிர் போகும் விஷயம்

மனிதருக்கு வரும் வெறிநோய்ச் சாவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால் வருபவை. அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் முன்கூட்டியே ஊசி போட்டால் முற்றிலும் தடுக்கக் கூடிய நோயும் இதுவே.

நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பின்பு வருடந்தோறும் ஓர் ஊசி. வயது தெரியாத நாயானால் வீட்டுக்கு வருமுன்பே போட்டுவிடவும். ஆண்டுதோறும் செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினமாகும். அதையொட்டி கால்நடை மருந்தகங்களில் நடக்கும் முகாம்களைப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

எந்த நாய் கடித்தாலும், வளர்த்த நாயே ஆனாலும், குட்டி பிறாண்டினாலும் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த் தூள் எதையும் வைக்கக் கூடாது. கட்டுப் போடக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது தோளில் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் தோலுக்குள் போடும் ஊசி போதும். ரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் சீரம் மருந்தும் அவசியம். கடித்த நாய் பத்து நாள் உயிரோடும் நலமாகவும் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அதற்காக ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெறிநோய் கண்ட மாடு எச்சில் வடித்து, தீவனம் விழுங்க முடியாமல், குரல் மாறிக் கத்தும். தொண்டையில் மாங்கொட்டை சிக்கிவிட்டது என்று எண்ணி வாய்க்குள் கை விடுகிறார்கள். அந்த எச்சில் கைக்கீறல் வழியே ஆளைக் கொன்றுவிடும். சந்தேகம் வந்தால் கையை விடாமல் மருத்துவரை அழையுங்கள். வெறிநாய் கடித்த மாட்டின் காயத்தை உறையணிந்த கையால் சோப்பிட்டுக் கழுவி, அன்றே ஊசியைத் தொடங்க வேண்டும்.

கருத்தடை

காப்பகத்து நாய் பெரும்பாலும் கருத்தடை செய்தே வரும். குட்டியாக எடுத்திருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் மருத்துவர் யோசனைப்படி செய்து கொள்ளவும். "கருத்தடை செய்தால் காவல் கெட்டுவிடும்" என்பது தவறான அபிப்பிராயம். குரைப்பதும் எல்லை காப்பதும் மாறாது. பெட்டையைத் தேடி இரவில் ஊர் சுற்றுவதும், கடிபட்டு வருவதும்தான் குறையும்.

இன்று நாம் ஒரு பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்தால், நாளை சாலையோரத்தில் வீசப்படும் குட்டிகளும், பிறகு பட்டியில் பாயும் கூட்டமும் அந்த அளவுக்குக் குறையும். ஊர்ப் பொதுவில் கூடிப் பேசி, எவரும் குட்டிகளை வெளியே விடுவதில்லை, கழிவை ஓடையில் கொட்டுவதில்லை என்று கட்டுப்பாடு செய்து கொள்வது மிக நல்லது. கருத்தடை, தடுப்பூசிப் பணிகளுக்கு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023 உள்ளாட்சி அமைப்புகளைப் பொறுப்பாக்கியுள்ளன. கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வரலாம்.

நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும் பிராணி. மகசூல் நன்றாக வந்த வருடம் சோறு போட்டு, மழை பொய்த்த வருடம் விரட்டிவிட முடியாது. இதை யோசித்து, முடியும் என்று தோன்றினால் மட்டும் எடுங்கள். எடுத்தபின் வருடம் ஓர் ஊசி, காலாண்டுக்கு ஒரு குடற்புழு மருந்து, தினமும் இரண்டு வேளைத் தீனி ஆகிய மூன்றும் தவறாமல் நடந்தால், விலை கொடுத்து வாங்கிய எந்தச் சாதி நாய்க்கும் குறையாமல் காப்பகத்து நாட்டு நாய் உங்கள் தோட்டத்தையும் பட்டியையும் காக்கும்.