தோட்டத்துச் செம்மண் பாதையும் பிரான்சின் ஆற்றோரப் பாதையும்



ஐந்தாம் படிவ வகுப்பில் ஒரு கருத்துணர்தல் பகுதி செய்துகொண்டிருந்தோம். பிரான்சு நாட்டில் ஒரு குடும்பம் ஆற்றங்கரை ஓரமாகவே பல நாள் சைக்கிள் ஓட்டிச் செல்கிறது. வழியில் ஒரு கார்கூட இல்லை. வாசித்து முடித்ததும் ஒரு மாணவன், "சார், இதெல்லாம் வெள்ளக்காரன் ஊர்ல நடக்கும். இங்க சைக்கிள எடுத்தா லாரிதான் சார் முன்னால நிக்கும்" என்றான். பின்வரிசையில் இருந்த மாணவி உடனே, "ஏன், எங்க வீட்டுக்குப் பின்னால பழைய தோட்டத்து செம்மண் ரோடு இருக்கே. அதுல காடியே வராது" என்றாள்.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். பிரான்சில் இருப்பதுபோன்ற பாதை பேராக்கிலும் இருக்கிறது. ஆனால், அங்கே அது நிலைத்துவிட்டது; இங்கே நாளுக்கு நாள் மறைந்து வருகிறது. ஏன் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பிரான்சில் அந்தப் பாதை எப்படி வந்தது?

அந்தப் பாதையை யாரும் முதலில் சைக்கிளுக்காகப் போடவில்லை. இயந்திரம் வருவதற்கு முன், சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி மனிதர்களும் குதிரைகளும் இழுத்தார்கள். இழுப்பவர்கள் நடக்கக் கரையில் இடம் வேண்டுமல்லவா? 1669-இல் மன்னர் பதினான்காம் லூயி ஆட்சியில் ஓர் ஆணை பிறந்தது. படகு ஓடும் ஆற்றின் ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர், படகு இழுக்கும் பக்கத்தில் 24 அடி அகலத்துக்கு இடம் விட வேண்டும்; அதில் மரம் நடக்கூடாது, வேலி போடக்கூடாது. அதே காலத்தில்தான் (1666 முதல் 1681 வரை) தெற்கு பிரான்சில் சுமார் 240 கிலோமீட்டர் நீளமுள்ள மிடி கால்வாய் வெட்டப்பட்டது. அதன் கரையிலும் இழுவைப் பாதை உண்டு.

பிறகு நீராவி வந்தது, ரயில் வந்தது. படகு இழுக்கும் வேலை நின்றது. இன்னும் சில காலம் கழித்துச் சிறு ரயில் தடங்களும் மூடப்பட்டன. வேலை போனாலும் நிலத்தைத் துண்டு போட்டு விற்றுவிடவில்லை. பர்கண்டி வட்டாரத்தில் ஜிவ்ரி, குளுனி என்ற இரண்டு ஊர்களுக்கு இடையிலான பழைய ரயில் தடம் 1997-இல் சைக்கிள் பாதையாகத் திறக்கப்பட்டது. 2004-இல் சாலைச் சட்டத்திலேயே இத்தகைய பாதைக்கு 'பசும்பாதை' எனப் பொருள்படும் பெயரும் விளக்கமும் சேர்க்கப்பட்டன. இயந்திர வண்டிக்கு அனுமதி இல்லை. நடப்பவர், சைக்கிளோட்டி, குதிரையில் செல்பவர் ஆகியோருக்கே உரிமை.

இந்தப் பாதைகளில் சில இடங்களில் தார் உண்டு. பல இடங்களில் நன்றாக அழுத்திய கல்தூளும் சரளையும்தான். சரளையில் ஓட்டும் சைக்கிள் பயணம் இன்று உலகெங்கும் தனி விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. அதற்கென அகலமான டயர் பொருத்திய சைக்கிள்களும் கடைகளில் கிடைக்கின்றன.

நம்ம தோட்டச் சாலை

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக் முழுவதும் ரப்பர் தோட்டங்கள் பெருகின. தோட்டம் என்றால் மரம் மட்டுமல்ல, பாதையும்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். அங்கிருந்து அவரவர் நிரைக்குப் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் காலையிலேயே மரம் சீவி முடிப்பார்கள். பிறகு மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, கெட்டியாவதற்குள் பால் கொட்டகைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அதனால் எந்த நிரையிலிருந்தும் கொட்டகைக்குப் போக வழி இருந்தது.

பால் நிறைந்த வண்டி ஏற வேண்டும் என்பதால், அந்தச் சாலைகள் குன்றை நேராக வெட்டி ஏறவில்லை. வளைந்து வளைந்து மெல்ல ஏறின. மழைநீர் ஓடிவிட நடுவில் சற்று உயர்த்தி, இரு பக்கமும் கான் வெட்டினார்கள். இன்று சைக்கிளில் போகிறவருக்கு அந்தச் சாலை சுகமாக இருக்கிறதென்றால் காரணம் இதுதான். நம்ம தாத்தாக்கள் பலர் சைக்கிளின் இரு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு அதே பாதையில் போனவர்கள். பிரான்சில் இன்று விளையாட்டாகச் செய்வதை அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தார்கள்.

அந்த மண் ஏன் சிவப்பு? வெப்பமும் மழையும் மிகுந்த நாட்டில், பாறை சிதையும்போது கரையக்கூடிய சத்துகள் நீரோடு போய்விடுகின்றன. இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. இரும்பு துருப்பிடித்த நிறம்தான் செம்மண்ணின் நிறம். காய்ந்தால் கல்போல் இறுகும். நனைந்தால் சவர்க்காரம்போல் வழுக்கும்.

பாதை யாருக்குச் சொந்தம்?

பிரான்சின் ஆற்றோரப் பாதைக்குச் சட்டம் காவல் இருந்தது. தோட்டச் சாலை அப்படியல்ல. அது தோட்ட முதலாளியின் சொந்த நிலம். நிலம் கைமாறினால் பாதையும் கைமாறும்.

இது புதிய கதையும் அல்ல. 1950-களில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையும் வீடும் இழந்து தவித்தவர்கள் நம் மக்கள். அதற்கு மாற்றாகத்தான் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளி எங்கள் லயத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். தீம்பார் வழியாகச் சைக்கிளில் போவோம். அம்மாவுக்குப் பயமே இல்லை. வழியில் பார்க்கிறவர் எல்லாம் தெரிந்தவர். பிறகு நிலம் கைமாறியது. ஒருநாள் பாதையின் குறுக்கே இரும்புக் கேட் நின்றது. பெரிய ரோட்டைச் சுற்றினால் ஏழு கிலோமீட்டர். லாரி போகிற ரோடு. வேன் காசு கட்ட முடிந்தவர்கள் பிள்ளைகளைத் தொடர்ந்து அனுப்பினார்கள். முடியாத இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அந்த ஆண்டு நடுவில் பள்ளியிலிருந்து நின்றுவிட்டார்கள். அந்தக் கேட்டைப் போட்டவர் சட்டப்படி தவறு எதுவும் செய்யவில்லை. அங்கே ஒரு பாதை இருக்கிறது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அவ்வளவுதான்.

பேராக்கில் என்ன செய்ய முடியும்?

எல்லாத் தோட்டச் சாலையையும் காக்க முடியாது. ஆனால், பொது நிலம் சில இடங்களில் இருக்கிறது. முதலாவது, ஆற்றோர ஒதுக்கு நிலம். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியின்படி, 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்க வேண்டும். பிரான்சின் 24 அடியைவிட இது பல மடங்கு. கிந்தா ஆறும் பேராக் ஆறும் ஓடும் மாநிலத்தில் இது சிறிய விஷயமல்ல.

இரண்டாவது, பழைய ரயில் தடம். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை சுமார் 13 கிலோமீட்டர் ஓடியது. போர்ட் வெல்ட்டின் இன்றைய பெயர் கோல செபத்தாங். தண்டவாளம் இப்போது இல்லை. தமிழ் எழுத்தும் உள்ள நிலையப் பெயர்ப்பலகை இருக்கிறது.

மூன்றாவது, நாம் ஏற்கெனவே சுற்றுலா போகும் இடங்கள். பத்து காஜா அருகே ராயா ஆற்றோரம் நிற்கும் கெல்லி மாளிகை ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் கட்டத் தொடங்கிய மாளிகைதான். வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் இறந்ததும் பாதியில் நின்றது. தஞ்சோங் துவாலாங் சாலையில் 1938-இல் கட்டிய ஈயக் கப்பல் காட்சிக்கு உள்ளது. இவற்றை வண்டியில் போய்ப் பார்த்துத் திரும்புகிறோம். இடையில் பாதுகாப்பான சைக்கிள் பாதை இருந்தால் மாணவர்கள் தோட்டத்தையும் ஈயக் குட்டையையும் ஒரே நாளில் கண்ணால் பார்த்துப் படிக்கலாம்.

செம்மண் பாதையில் ஓட்டுமுன்

1. அனுமதி கேளுங்கள். தோட்டம் தனியார் நிலம். அலுவலகத்தில் ஆசிரியர் பேசினால் பெரும்பாலும் வேலை எளிதாகும்.
2. சுமார் 40 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமான டயர் நல்லது. தார்ச் சாலைக்கு வைப்பதைவிடக் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், பிடிமானம் கூடும்.
3. இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் திடீரெனப் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.
4. செம்பனை மட்டையின் முள் டயரைக் குத்தும். மாற்று டியூபும் பம்பும் எடுத்துப் போங்கள். குலை ஏற்றும் லாரி வந்தால் இறங்கி ஒதுங்கி நில்லுங்கள்.
5. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மதிய மழைக்கு முன் திரும்பிவிடலாம். தனியாகப் போகக் கூடாது, தலைக்கவசம் கட்டாயம்.

வகுப்பறைக்கு

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தத் தோட்டம்? பள்ளிக்கு எந்த வழியாகப் போனீங்க? அந்த வழி இப்போ என்ன ஆச்சு? பதிலைக் கொண்டு ஒரு வரைபடம் வரையுங்கள். அதை வைத்து 'எங்கள் ஊரின் பழைய பாதைகள்' என்ற தலைப்பில் விளக்கக் கட்டுரை எழுதுங்கள். பாதை தோன்றிய காரணம், பயன்பட்ட விதம், இன்றைய நிலை, காக்கும் வழி என நான்கு கருத்துகள் போதும்.

ஆசிரியர்களே, அந்த வரைபடங்களைத் திருத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு படி பள்ளியில் இருக்கட்டும். நாளைக்கு ஒரு கேட் நிற்கும்போது, 'இங்கே ஒரு பாதை இருந்தது' என்று காட்ட ஒரு காகிதமாவது இருக்கும்.

சொற்பொருள்
பெரட்டு – காலையில் தொழிலாளர் கூடிப் பெயர் கொடுத்தல்
நிரை – ஒருவர் சீவ வேண்டிய மர வரிசை
மங்கு – பால் பிடிக்கும் கிண்ணம்
தீம்பார் – ரப்பர்க் காடு
லயம் – தொழிலாளர் வரிசை வீடு
கான் – சாலையோர வடிகால்