குழாயின் கழுத்தைப் பிடிக்கும் வளையம்

சென்னை மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் வந்து சேரும் வழியைத் தொடர்ந்து சென்றால், உலோகமும் இரப்பரும் சந்திக்கும் இடங்கள் பல தென்படும். தெருவில் நிற்கும் தண்ணீர் லாரியிலிருந்து தரையடித் தொட்டிக்கு ஒரு பருத்த குழாய். கிணற்றிலிருந்து இறைப்பியின் வாய்க்கு இன்னொன்று. மாடித் தொட்டிக்குழாயில் செருகிய செடிநீர்க் குழாய். துணி துவைக்கும் பொறியின் கழிவுநீர்க் குழாய். அடுக்களைக்குள் நுழைந்தால் எரிவளிக் குழாய். இவை ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வளையம் இறுகியிருக்கும்; அல்லது அது இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். கடையில் ‘ஓஸ் கிளிப்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்தச் சிறு பொருள்தான். அதை இங்கே கவ்வி என்போம். பெரும்பாலோர் குழாயின் பருமனை மட்டும் சொல்லி அதை வாங்கி வருகின்றனர். அந்த மூட்டு எவ்வகை விசையைத் தாங்கப் போகிறது என்பதைக் கேட்பவர் அரியர். கேட்கத் தக்க கேள்வியோ அதுவே.

கவ்வியின் பணி இரண்டு. குழாய்க்கும் அது ஏறி அமர்ந்திருக்கும் உலோக மூக்குக்கும் இடையே நீர் ஊடுருவாதவாறு இரப்பரை நெருக்குவது ஒன்று. அதை அடைப்பு எனலாம். உள்ளிருக்கும் அழுத்தம் குழாயை மூக்கிலிருந்து தள்ளிக் கழற்றிவிடாதவாறு காப்பது மற்றொன்று, அது பிடிப்பு. ஒன்று நன்றாக அமைந்தால் மற்றதும் தானே அமையும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. சிறிய குழாய்களில் அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை. பெரிய குழாய்களில் பொய்த்துவிடுகிறது. ஏன் என்பதற்கு ஓர் எளிய கணக்கு விடை தரும்.

ஒரு பட்டையை உருளை ஒன்றின் மேல் சுற்றி இழுத்து இறுக்கினால், அது இரப்பரின் மேல் செலுத்தும் அழுத்தம், பட்டையின் இழுவிசையை ஆரத்தாலும் பட்டையின் அகலத்தாலும் வகுத்தால் கிடைப்பது. ஆகவே குழாய் பருக்கப் பருக்க, அதே இறுக்கத்தில் அழுத்தம் குறைகிறது. வழுக்கலைத் தடுக்கும் விசையை அறிய, இவ்வழுத்தத்தைப் பட்டை தழுவிய பரப்பாலும் உராய்வுக் கெழுவாலும் பெருக்க வேண்டும். அவ்வாறு பெருக்கும்போது ஆரமும் அகலமும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன. எஞ்சுவது, 6.28, உராய்வுக் கெழு, இழுவிசை ஆகிய மூன்றின் பெருக்கம் மட்டுமே. விரலளவுக் குழாயானாலும் தொடையளவுக் குழாயானாலும், அகன்ற பட்டையானாலும் குறுகிய பட்டையானாலும், ஒரே இறுக்கம் ஒரே பிடிப்பைத்தான் தருகிறது. அகலம் தரும் நன்மை வேறு: விசையைப் பரப்பி, இரப்பர் வெட்டுப்படாமல் காக்கிறது.

இனிக் குழாயைக் கழற்ற முயலும் விசையைப் பார்ப்போம். நீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ 1 கிலோ எடை அளவு விசை தள்ளும். 25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 4.9 சதுர சென்டிமீட்டர். எனவே மறுமுனை அடைபட்ட நிலையில் அதைக் கழற்றத் தள்ளும் விசை 5 கிலோவுக்கும் குறைவு. 100 மில்லிமீட்டர்க் குழாயிலோ அவ்விசை 78 கிலோவுக்கு மேல். விட்டம் நான்கு மடங்கானால் தள்ளுவிசை பதினாறு மடங்காகிறது. கவ்விப்பட்டையின் இழுவிசை 50 கிலோ என்றும், நனைந்த இரப்பரின் உராய்வுக் கெழு 0.2 என்றும் கொண்டால், பிடிப்பு ஏறத்தாழ 63 கிலோ. சிறு குழாய்க்கு இது பத்து மடங்குக்கும் மிகையான காப்பு. பெரிய குழாய்க்கோ போதாது. குழாய் கழன்று தெறிக்கும். செடிநீர்க் குழாயில் ஆண்டுக்கணக்கில் உழைத்த அதே வகைக் கவ்வி பருத்த இறைப்புக் குழாயில் தோற்பதற்குக் காரணம், தரக்குறைவு அன்று, வடிவியல்.

இந்தக் கணக்கைத் தீயணைப்புத் துறையினர் தம் கைத்திறனில் ஏற்றிருக்கின்றனர். நம் நாட்டுத் தீயணைப்புக் குழாய்களின் வழக்கமான அளவு 63 மில்லிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் அதன் இணைப்பைத் தள்ளும் விசை 218 கிலோவை எட்டும். தனியொரு திருகுக் கவ்வியை நம்பி அங்கே நிற்க இயலாது. ஆகவே வரிவரியாகப் பள்ளமிட்ட இணைப்பின் மூக்கில் குழாயை ஏற்றி, அதன் மேல் உலோகக் கம்பியை நெருக்கமாகப் பல சுற்றுச் சுற்றிக் கட்டுகின்றனர். ஒரு சுற்றின் பிடிப்பு சிறிது. சுற்றுகள் கூடக் கூட அது கூடுகிறது. இரப்பர் பள்ளங்களுக்குள் அழுந்தி அமர்வதால் உராய்வோடு பூட்டும் சேர்ந்துகொள்கிறது. வீட்டுக் குழாயிலும் மூக்கின் நுனியில் ஒரு புடைப்பு இருப்பதன் பயன் இதுவே. புடைப்புக்குப் பின்னால் கவ்வியை இறுக்கினால், குழாய் கழல வேண்டுமாயின் இறுகிய வளையமே விரிந்து புடைப்பைக் கடந்தாக வேண்டும். புடைப்பின் மேலேயே கவ்வியை இறுக்குவோர் இந்தப் பூட்டை வீணாக்குகின்றனர்.

கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது திருகுப் பட்டைக் கவ்வி. பட்டையில் வரிசையாகச் சாய்ந்த பிளவுகள். அவற்றில் ஒரு திருகின் மரை பொருந்தி, திருகு சுழலும்போது பட்டையை இழுக்கும். பிரித்தானியக் கடற்படைத் தளபதி லம்லி ராபின்சன் 1921ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். நூறாண்டு கடந்தும் இது நிலைத்திருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. மரையின் சரிவு மிகக் குறைவு. உராய்வு அந்தச் சரிவை வென்றுவிடுவதால், பட்டை எவ்வளவு இழுத்தாலும் திருகு தானாகப் பின்னோக்கிச் சுழலாது. சிறு கைவிசை பெரிய இழுவிசையாகவும் மாறுகிறது. ஒரே கவ்வி பல பருமன்களுக்குப் பொருந்தும். கழற்றி மீண்டும் பூட்டலாம்.

அதன் குறைகளையும் அறிந்தே வாங்க வேண்டும். திருகுக்கூட்டின் அடியில் பட்டை முழு வட்டமாக அமைவதில்லை. அங்கே அழுத்தம் சற்றுத் தாழ்கிறது. மிகையாக இறுக்கினால் மென்மையான இரப்பர் பிளவுகளுக்குள் பிதுங்கி வெட்டுப்படும். மென்குழாய்களுக்குப் பிளவுகள் உட்புறம் ஊடுருவாத வழவழப்பான பட்டை வேண்டும். எல்லாவற்றினும் பெரிய குறை, இக்கவ்விக்கு மீள்தன்மை இல்லை என்பது. இரப்பரும் பாலிவினைல் குழாயும் நெருக்கத்தில் நாளடைவில் தளர்ந்து இடங்கொடுப்பவை. சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடியில் கிடக்கும் குழாய் இன்னும் விரைவாகத் தளரும். இரப்பர் ஒரு மயிரிழை மெலிந்தாலும் பட்டை பின்தொடர்ந்து இறுகுவதில்லை, இழுவிசை வீழ்கிறது. புதிதாகப் பூட்டிய கவ்வியை இரண்டு மூன்று நாள் கழித்து ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது இதனாலேயே.

சீருந்துகளின் குளிர்விப்பிக் குழாய்களில் பல உற்பத்தியாளர்கள் திருகுக் கவ்வியை விட்டு வில்லெஃகுக் கவ்வியைப் பூட்டுகின்றனர். எந்திரம் ஓடும்போது அங்கே நீர் 90 முதல் 100 பாகை வரை சூடேறி, குழாய் விரியும், அணைந்ததும் சுருங்கும். விறைத்த வளையமாயின் சூட்டில் இரப்பரை நசுக்கும், குளிரில் தளர்ந்து கசியும். வில்லெஃகு வளையமோ விரிவோடு விரிந்து, சுருக்கத்தோடு சுருங்கி, ஏறத்தாழ ஒரே விசையில் தழுவி நிற்கும். பழுதுபார்க்கும் இடங்களில் அதைக் கழற்றியெறிந்து திருகுக் கவ்வியைப் போடும் வழக்கம் உண்டு. அது மேம்பாடு என்று நான் கருதவில்லை. அந்த மூட்டின் தேவையை அறியாத மாற்றம் அது.

இதே அறிவு நம் தெருவிலும் வாழ்கிறது. குழாய் மூட்டில் பழைய மிதிவண்டிச் சக்கரத்தின் உட்குழாயை நாடாவாக அறுத்து, இழுத்து இழுத்துப் பல சுற்றுச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்திருப்போம். இழுபட்ட இரப்பர் மீள முயன்றுகொண்டே இருப்பதால், அடியிலுள்ள குழாய் தளர்ந்தாலும் நாடா பின்தொடர்கிறது. சுற்றுகள் கூடும்போது பிடிப்பும் கூடுகிறது. வில்லெஃகு வளையத்தின் இயற்பியலும் கம்பிக்கட்டின் இயற்பியலும் அங்கே ஒருங்கே உள்ளன. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு, நகரமே தண்ணீர் லாரிகளை எதிர்நோக்கி நின்ற காலத்தில், இத்தகைய கட்டுகள் எத்தனையோ மூட்டுகளைத் தாங்கியிருக்கும். லாரியிலிருந்து தரையடித் தொட்டிக்கு நீர் தன் எடையாலேயே இறங்குகிறது, உயரம் ஓரிரண்டு மீட்டர்தான், முனையும் திறந்திருக்கிறது. அங்கே இரப்பர்க் கட்டு போதும். இறைப்பியின் வெளியேற்றுவாயில் அதையே நம்புவது தவறு. மெல்லிய கட்டுக்கம்பியை முறுக்கி ஒற்றைச் சுற்றாகக் கட்டுவது எங்குமே தகாது. விசை முழுவதும் ஒரு கோட்டில் குவிந்து குழாயை அறுத்துவிடும்.

உறிஞ்சும் பக்கத்து மூட்டு முற்றிலும் வேறு இயல்புடையது. அங்கே குழாயினுள் அழுத்தம் வளியழுத்தத்தினும் தாழ்ந்தது. ஆகவே குழாயைக் கழற்றத் தள்ளும் விசை கிடையாது. வெளிக்காற்று அதை மூக்கின் மேல் மேலும் ஏற்றவே முயல்கிறது. பிடிப்பைப் பற்றிய கவலை அங்கே குறைவு. அடைப்போ இன்றியமையாதது. வெளியேற்றுப் பக்கத்தில் கசிந்தால் நீர் சொட்டிக் காட்டிக்கொடுக்கும். உறிஞ்சும் பக்கத்தில் கசிந்தால் ஒரு துளியும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இறைப்பி ஓடும், ஓசை எழும், நீர் வராது. உறிஞ்சுகுழாயின் அடியிலுள்ள கீழ்த்தடுக்கு அடைப்பான் கெட்டது என்று கிணற்றுக்குள் ஆளை இறக்குவதற்கு முன், மேலே இருக்கும் மூட்டின் மேல் ஈரக் களிமண்ணை அப்பிப் பார்க்க வேண்டும். நீர் ஏறினால் பிழை கவ்வியில்தான். இந்த மூட்டுக்குத் திருகுக் கவ்விகள் இரண்டை அடுத்தடுத்துப் பூட்டி, ஒன்றின் திருகுக்கூடு மற்றதற்கு நேர் எதிர்ப்புறம் அமையும்படி திருப்பி வைப்பது நல்ல முறை. ஒன்றின் தளர்விடத்தை மற்றது ஈடுசெய்யும். 2015 திசம்பர் வெள்ளத்திலும் 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் சென்னைத் தெருக்களிலும் நிலவறைகளிலும் தேங்கிய நீரை வெளியேற்ற இறைப்பிகள் இரவும் பகலும் ஓடின. அத்தகைய வேளையில் உறிஞ்சுகுழாயில் நுழையும் சிறிது காற்று, நல்ல இறைப்பி ஒன்றையும் பயனற்றதாக்கிவிடும்.

பருத்த குழாய்களுக்கு, ஏறத்தாழ 50 மில்லிமீட்டருக்கு மேல், மரையாணிக் கவ்வியே தகுந்தது. தடித்த பட்டையின் இரு முனைகளையும் ஒரு மரையாணி நேராக இழுத்துச் சேர்க்கும். மரையை இறுக்கும் கருவியால் திருகுக் கவ்வியினும் பன்மடங்கு இழுவிசையைப் பெறலாம். கனவுந்துகளின் காற்றழுத்திக் குழாய்களில் காண்பது இவ்வகை. காது மடக்கும் கவ்வி இன்னொரு வகை. சுவிட்சர்லாந்தின் ஆன்சு ஓட்டிக்கர் 1942இல் தொடங்கிய நிறுவனத்தால் பெயர் பெற்றது. அதன் காதைக் குறட்டால் நெரித்தால் வளையம் சுருங்கும். மீண்டும் கழற்ற வேண்டுமானால் வெட்டித்தான் ஆக வேண்டும். அடிக்கடி கழற்றாத சிறு குழாய்களுக்கு நன்று.

அடுக்களை எரிவளிக் குழாயில் அழுத்தம் மிகச் சிறிது. சீராக்கியைக் கடந்தபின் அது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்கு ஒப்பானது. கழற்றத் தள்ளும் விசை பொருட்டே அன்று. ஆயினும் இங்கே ஒரு மயிரிழைக் கசிவுகூடப் பொறுக்கத் தகாதது; இவ்வளி காற்றினும் கனத்தது, தரையோடு படிந்து தேங்கும். ஐ.எஸ். 9573 தரக்குறியுள்ள எஃகு வலையிட்ட குழாயை மூக்கில் முழுவதும் ஏற்றுவதே முதற்காப்பு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை குழாயை மாற்றிவிட வேண்டும். வலிந்து இறுக்கிய திருகுக் கவ்வி அதன் தோலை வெட்டிவிடும். ஆகவே இங்கே தன் கைவேலையைத் தவிர்த்து, எரிவளி முகவரின் பணியாளரிடம் விடுவதே அறிவு. சரிபார்க்கச் சவர்க்கார நுரை போதும். நெருப்பைக் காட்டவே கூடாது.

கடல் அருகிலிருப்பதால் மயிலாப்பூருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: கவ்வி எதனால் ஆனது? துருவுறா எஃகு என்று விற்கப்படும் பலவற்றில் பட்டை மட்டுமே துருவுறா எஃகு. திருகு, துத்தநாகம் பூசிய வெறும் எஃகு. உப்புக்காற்றில் திருகு துருவேறி இறுகி, பட்டை பளபளப்பாக இருக்கும்போதே கவ்வி கழற்ற முடியாததாகிவிடும். செருமானியத் தரமுறை இதை ஐந்தாகப் பிரிக்கிறது; அவற்றுள் நான்கு: டபிள்யூ1 முழுதும் பூச்சு எஃகு, டபிள்யூ2 துருவுறாப் பட்டையும் பூச்சுத் திருகும், டபிள்யூ4 முழுதும் 304 வகை, டபிள்யூ5 முழுதும் மாலிப்டினம் கலந்த 316 வகை. குறியீடு பொறிக்கப்படாத கவ்வியாயின் ஒரு சிறு காந்தத்தைத் திருகில் வைத்துப் பார்க்கலாம். வலுவாக ஒட்டினால் அது 304 அன்று. வீட்டுக்குள் டபிள்யூ2 போதும். மொட்டைமாடிக்கு டபிள்யூ4 வேண்டும். சாந்தோம் கரையோரத்தில் கடலை நோக்கிய மாடியாயின் டபிள்யூ5க்குச் செலவிடுவது வீணன்று.

அளவெடுப்பதில் ஒரு நுட்பம்: குழாயைத் தனியே அளக்கக் கூடாது; மூக்கில் ஏற்றியபின் அது விரிந்திருக்கும். அந்நிலையில் ஒரு நூலைச் சுற்றி, நீளத்தை 3.14ஆல் வகுத்தால் வெளிவிட்டம் கிடைக்கும். கவ்வியில் பொறித்த இரு அளவுகளின் நடுவே அது விழ வேண்டும். மிகப் பெரிய கவ்வியைக் கடைசிப் பிளவுவரை இறுக்கினால் வளையம் நீள்வட்டமாகி, இரு பக்கமும் கசியும். குழாய் ஏற மறுத்தால் எண்ணெய் தடவாமல் சவர்க்கார நீர் தடவ வேண்டும். எண்ணெய் பலவகை இரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். கறுப்புநிற விறைத்த பாலிஎத்திலீன் குழாயாயின் நுனியை வெந்நீரில் நனைத்து இளக்கி ஏற்றி, சூடு ஆறுமுன் கவ்வியைப் பூட்டி, ஆறியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கலாம்.