ஆக்ஸ்ஃபோர்டில் யார் முதலாளி?

1985 ஜனவரி 29. பிரிட்டனின் பிரதமர் மார்கரெட் தாட்சருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தரலாமா என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. அங்கேயே சாமர்வில் கல்லூரியில் வேதியியல் படித்தவர் அவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துப் பிரதமரானவர்களுக்கு அந்தப் பட்டம் ஏறக்குறைய மாமூல். ஆனால் கல்விக்கும் ஆய்வுக்கும் அவருடைய அரசு நிதியை வெட்டியிருந்தது. ஆதரவாக 319 பேர், எதிராக 738 பேர். பட்டம் கிடையாது என்றாகிவிட்டது.

அதிகாரத்தில் இருக்கும் பிரதமரை முகத்துக்கு நேரே மறுத்தது யார்? வேந்தரா, துணைவேந்தரா? இருவரும் இல்லை. பட்டதாரிகளும் ஆசிரியர்களும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் வேந்தர் விழாக்களுக்குத் தலைமை தாங்குபவர், அவ்வளவுதான். அன்றாட நிர்வாகம் துணைவேந்தர் கையில். அவருக்கும் மேலே ‘காங்கிரகேஷன்’ என்ற பேரவை இருக்கிறது. தாட்சரை மறுத்தது அதுதான். ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், மூத்த அலுவலர்கள் என்று இன்று அதில் 5,000 பேருக்கு மேல் உறுப்பினர்கள். துணைவேந்தர் நியமனத்துக்கே அதன் ஒப்புதல் வேண்டும். துணைவேந்தர் நாற்காலிக்கு யார் யாரோ மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை நம்பக் கொஞ்சம் சிரமம்தான்.

இன்னொரு குழப்பமும் நமக்கு உண்டு. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது. பாடம் நடத்துவது கல்லூரி. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகம். அதனிடம் இணைப்புக்காகக் கையேந்தி நிற்பதே கல்லூரியின் நிலை. அந்தக் கண்ணோடு ஆக்ஸ்ஃபோர்டைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு கல்லூரியும் தனி சமஸ்தானம். சொந்தச் சாசனம், சொந்த நிலம், சொந்தப் பணம். தலைவரின் பதவிப் பெயரில்கூட ஒற்றுமை இல்லை. ஓரிடத்தில் வார்டன், ஓரிடத்தில் மாஸ்டர், மற்ற இடங்களில் ரெக்டர், புரோவோஸ்ட், பிரின்சிபல். சமயச் சபைகள் நடத்தும் சிறு இல்லங்களையும் சேர்த்தால் இப்படி நாற்பதுக்கு மேல் உண்டு. அவற்றில் ‘ஆல் சோல்ஸ்’ இளங்கலை மாணவர்களையே சேர்ப்பதில்லை.

இளங்கலை மாணவரைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது கல்லூரி. தங்க இடமும் சாப்பாடும் கல்லூரியில். விரிவுரையும் ஆய்வகமும் பல்கலைக்கழகத்தில். ஆனால் படிப்பின் உயிர் ‘டியூட்டோரியல்’ என்ற சின்ன வகுப்பில் இருக்கிறது. ஓர் ஆசிரியர், எதிரே இரண்டு அல்லது மூன்று மாணவர்கள். அந்த வாரம் எழுதிவந்த கட்டுரையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் குடைந்தெடுப்பார். பின்வரிசை என்று ஒன்று கிடையாது. படிக்காமல் வந்தவர் ஐந்து நிமிடத்தில் பிடிபடுவார். இறுதித் தேர்வோ பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, முதல் தாளுக்கு வெள்ளைக் கார்னேஷன் பூவும், இடையில் வருபவற்றுக்கு இளஞ்சிவப்பும், கடைசித் தாளுக்குச் சிவப்பும் செருகிக்கொண்டு போகிறார்கள். பூ வேடிக்கை இருக்கட்டும். கற்றுக்கொடுப்பது ஓரிடம், மதிப்பெண் போடுவது வேறிடம் என்பதால், டியூட்டரும் மாணவரும் ஒரே கட்சியில் நின்று தேர்வை எதிர்கொள்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இப்படி ஓர் அமைப்பை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்கு நிறுவனர் என்று ஒருவர் கிடையாது. 1096 வாக்கில் அங்கே யாரோ பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1167-இல் இரண்டாம் ஹென்றி, ஆங்கிலேய மாணவர்கள் பாரிஸில் படிப்பதைத் தடுத்தபின் கூட்டம் பெருகியது. ஆசிரியர்களுக்கென்று கட்டடம் இல்லை, வாடகை அறைதான். அதுவே அவர்களுடைய பலம். ஊர்க்காரர்களோடு தகராறு வந்தால், வாடகை ஒத்துவராத குடித்தனக்காரர் போல மூட்டை கட்டிவிடலாம்.

1209-இல் அதுதான் நடந்தது. ஒரு பெண் கொலையுண்டதற்காக ஊரார் மாணவர்கள் சிலரைத் தூக்கிலிட, ஆசிரியர்கள் வகுப்பை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். சிலர் போய்ச் சேர்ந்த இடம் கேம்பிரிட்ஜ். அந்தப் பல்கலைக்கழகம் அப்படிப் பிறந்ததுதான். வாடகையும் வியாபாரமும் போன ஊர் இறங்கிவந்தது. 1214-இல் போப்பின் தூதர் செய்துவைத்த உடன்படிக்கைப்படி மாணவர் விடுதிகளுக்குப் பத்தாண்டுகள் பாதி வாடகை. வேந்தர் என்ற பதவி பற்றிய பேச்சு முதலில் வருவதும் அந்த ஆவணத்தில்தான்.

கல்லூரிகள் பிறகுதான் வந்தன. 1264-இல் வால்டர் டி மெர்ட்டன் நிலங்களை எழுதிவைத்து, அவற்றின் வருமானத்தில் அறிஞர்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும்படி விதி வகுத்தார். அடுத்தடுத்து வந்த புரவலர்களும் அதே வழியில் போனார்கள். சொத்து கல்லூரிகளிடம் சேர்ந்தது; பட்டம் தரும் உரிமை பல்கலைக்கழகத்திடம் நின்றது.

சண்டை மட்டும் ஓயவில்லை. 1355 பிப்ரவரி 10 அன்று ஸ்விண்டில்ஸ்டாக் என்ற மதுக்கடையில், ஒயின் சரியில்லை என்று இரண்டு மாணவர்கள் அதைக் கடைக்காரர் முகத்தில் ஊற்றினார்கள். கலவரம் மூண்டு, மாணவர் தரப்பில் 63 பேர் இறந்ததாகக் கணக்கு. ஊர்க்காரர்கள் முப்பது பேரளவில். அரசர் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். சந்தையில் ரொட்டி, பீர், எடை, அளவு எல்லாவற்றையும் கண்காணிக்கும் அதிகாரம் வேந்தரிடம் போனது. நகர மேயர் ஆண்டுதோறும் தேவாலயத்துக்கு வந்து, தலைக்கு ஒரு பென்னி வீதம் 63 பென்னி தண்டம் வைக்க வேண்டும். ஒயினை ஊற்றியது மாணவர்கள். தண்டம் கட்டியது ஊர். 1825-இல் ஒரு மேயர் வர மறுக்கும்வரை இந்த அநியாயம் நடந்தது.

யாருக்கும் கட்டுப்படாத அமைப்பு சீர்திருத்தத்துக்கும் லேசில் கட்டுப்படாது. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்களுக்குக் கதவு முழுதாகத் திறக்க, 1871-இல் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியிருந்தது. கல்லூரி ஆய்வுறுப்பினர்களில் பெரும்பாலோரால் அந்தக் காலத்தில் திருமணமே செய்துகொள்ள முடியாது. செய்தால் பதவி போய்விடும்.

பெண்கள் விஷயத்தில் தாமதம் இன்னும் அதிகம். நாசிக்கில் பிறந்த கொர்னேலியா சொராப்ஜி 1889-இல் சாமர்வில்லில் சேர்ந்து சட்டம் படித்தார். ஆண்களோடு அமர்ந்து பி.சி.எல். என்ற சட்டப் பட்டத் தேர்வு எழுத அவருக்குச் சிறப்பு அனுமதி தந்தது, பின்னாளில் தாட்சரை மறுத்த அதே காங்கிரகேஷன். 1892-இல் அந்தத் தேர்வை எழுதிய முதல் பெண் அவர். தேர்வு எழுதலாம், பட்டம் வாங்க முடியாது என்பது அன்றைய விதி. பெண்களுக்குப் பட்டம் என்ற விதி 1920-இல்தான் வந்தது. அதற்குள் சொராப்ஜி இந்தியா திரும்பி, அந்தப்புரங்களில் வாழ்ந்த பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அரசின் சட்ட ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்திருந்தார்.