மூட்டு வலிக்கு முதல் மருந்து தொடையில் இருக்கிறது

மருந்துக் கடையில் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் தெரியும். "மூட்டு வலிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு வரும் அறுபது வயது அம்மாவுக்கும் முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் ஒரே தைலம், ஒரே மாத்திரை அட்டைதான் கிடைக்கும். அம்மாவுக்குப் படியேறினால் முழங்கால் வலிக்கிறது; சாயங்காலம் கூடுகிறது, படுத்தால் குறைகிறது. அந்தப் பெண்ணுக்கோ நேர்மாறு. விடிந்து எழுந்ததும் இரண்டு கை விரல்களும் மடங்குவதில்லை. பால் பாக்கெட்டை வெட்ட வரவில்லை, மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை, சேலைக்குப் பின் குத்தவும் ஆள் வேண்டும். ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் கை மெல்ல இளகுகிறது. அம்மா வைத்தியத்தைத் தள்ளிப்போட்டால் வலியோடு காலம் தள்ள நேரும். அந்தப் பெண் தள்ளிப்போட்டால் விரல்களே கோணிப்போகும்.

ஆர்த்ரைடிஸ் என்று பொதுவாகச் சொல்வதில் நூற்றுக்கும் மேற்பட்ட நோய்கள் அடங்கும். நம் வீடுகளில் அதிகம் பார்ப்பவை மூன்று: மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம், யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் கவுட். எந்த எண்ணெயைத் தேய்ப்பது, எந்தக் கீரையைச் சமைப்பது என்று யோசிக்கும் முன் இவற்றில் எது நமக்கு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இயற்கை வழிகள் தேய்மானத்தில் பெரிய பலன் தரும். முடக்குவாதத்தில் அவை துணைக்கு மட்டுமே.

தேய்மானத்திலிருந்தே தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் சுமார் 52.8 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதில் 36.5 கோடிப் பேருக்கு முழங்காலில். பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் பெண்கள். நோய் வந்ததும் வீட்டில் சொல்லும் முதல் அறிவுரை, "நடக்காதே, இன்னும் தேயும்" என்பது. அன்பில் சொல்வதுதான். ஆனால் மூட்டுக்கு இதைவிடக் கெடுதலான அறிவுரை கிடையாது.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் ரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. அதற்கான ஊட்டம் மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் போக வேண்டும். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்திக் கழிவு வெளியேறுகிறது. எடுக்கும்போது பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல் திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உட்கார்ந்தே இருந்தால் இது நடப்பதில்லை. கூடவே தொடைத் தசையும் சூம்பிப்போகிறது. நடையில் விழும் அதிர்ச்சியை முதலில் தாங்க வேண்டியது தொடையின் முன்பக்கத் தசைதான். அது தளர்ந்தால் அத்தனை பாரமும் மூட்டின் மேல் இறங்கும். எக்ஸ்ரேயில் மோசமாகத் தேய்ந்த முழங்காலோடு வலியில்லாமல் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தில் லேசான தேய்மானமே தெரிந்தும் அவதிப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் நம் கையில் இருப்பது தசை பலம்.

அதை வளர்க்க ஜிம் வேண்டாம். முதுகு சாயும்படி நாற்காலியில் உட்காருங்கள். ஒரு காலை மெதுவாக நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் மடக்குங்கள். முழங்காலுக்கு மேலே தசை இறுகுவதைக் கை வைத்தே உணரலாம். ஐந்து எண்ணும்வரை அப்படியே வைத்திருந்து, தொப்பென்று போடாமல் நிதானமாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். நாற்காலியில் உட்கார முடியாதவர்கள் படுத்தபடியே முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி எண்ணலாம். செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் வீக்கமோ வலியோ கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நம்மில் பெரும்பாலோர் பத்தாம் நாளே விட்டுவிடுகிறோம். அதனால்தான் பயிற்சிக்குப் பெயர் கிடைப்பதில்லை, தைலத்துக்குக் கிடைக்கிறது.

உடல் எடை அடுத்தது. ஒரு கிலோ எடை குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தினர் முழங்கால் தேய்மானம் உள்ள 454 பேரை 18 மாதங்கள் கண்காணித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்து எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் குறைத்தவர்களுக்கு வலி ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தட்டில் சோற்றைக் குறைத்துக் காயையும் சுண்டலையும் கூட்டுவது, மாலை டீயில் சர்க்கரையையும் பக்கத்தில் இருக்கும் பஜ்ஜியையும் விடுவது ஆகியவற்றை மூட்டு வைத்தியம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சின்னச் சின்ன விஷயங்களிலும் வலி குறையும். கைத்தடியை வலிக்கும் கால் பக்கமே பிடித்து நடப்பவர்கள்தான் அதிகம். தடி எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் இடது கையில். காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறையில் எழ முடியாமல் தவிக்கும் பெரியவர்களுக்கு அதன் மேல் வைக்கும் நாற்காலி கிடைக்கிறது. சுவரில் ஒரு கைப்பிடியும் பொருத்திக் கொடுங்கள். வலியில்லாமல் தரையில் சம்மணமிட முடிகிறவர்கள் பயந்து அதை விட வேண்டியதில்லை.

இனி தைலம், மூலிகை. நொச்சி இலையை வதக்கிக் கட்டுவதும் உப்பு ஒத்தடமும் தரும் இதம் பொய்யில்லை. சூட்டில் தசை இளகும், இறுக்கம் குறையும். ஆனால் அது சற்று நேரத்துக்குத்தான். ஒத்தடம் கொடுத்த கையோடு மேலே சொன்ன பயிற்சியைச் செய்துவிட்டால் அந்த இதம் வீண்போகாது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் சேர்ந்த களிம்பு, முழங்கால் வலியைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

மஞ்சளில் உள்ள குர்குமின் வலியை ஓரளவு குறைக்கிறது. ஆனால் மஞ்சள் தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே இருக்கிறது. குடலும் அதை எளிதில் உறிஞ்சுவதில்லை. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் கலக்கும் அளவு இருபது மடங்கு கூடுவதாக 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் கண்டார்கள். மிளகு தட்டிப்போட்ட மஞ்சள் பாலைத் தாராளமாகக் குடிக்கலாம். அதிக வீரியமுள்ள குர்குமின் மாத்திரைகளை விளம்பரம் பார்த்து வாங்குவது வேறு கதை. அவற்றால் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. முடக்கத்தான் தோசையும் கொல்லிமலை முடவாட்டுக்கால் சூப்பும் நல்ல உணவு, ருசித்துச் சாப்பிடலாம். தேய்ந்த குருத்தெலும்பை அவை வளர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்கள் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் படித்த மருத்துவர்களைப் பார்ப்பது நல்லது.

கவுட் வேறு ரகம். நடுராத்திரியில் கால் கட்டைவிரல் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும். ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டும்போது ஊசி ஊசியாகப் படிகமாகி மூட்டில் இறங்கக்கூடும். இந்த நேரத்தில் ஒத்தடமும் நீவுதலும் வேண்டாம்; துணியில் சுற்றிய ஐஸ்தான் வைக்க வேண்டும். யூரிக் அமிலம் என்று கேட்டதுமே வீட்டில் பருப்பையும் கீரையையும் நிறுத்திவிடுகிறார்கள். யூரிக் அமிலமாக மாறும் பியூரின் அதிகமுள்ள காய்கறிகளும் பயறுகளும் கவுட் அபாயத்தைக் கூட்டுவதில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. பால், தயிரால் நன்மையே உண்டு. நிறுத்த வேண்டியவை பீர் உள்ளிட்ட மதுவும் சர்க்கரை கலந்த குளிர்பானங்களும். குறைக்க வேண்டியவை ஈரல், குடல் போன்ற உறுப்பு இறைச்சி, ஆட்டிறைச்சி, நெத்திலி, மத்தி. இன்னொன்று: பரிசோதனையில் யூரிக் அமிலம் கொஞ்சம் கூடியிருப்பதாலேயே பல ஆண்டு முழங்கால் வலி கவுட் ஆகிவிடாது.

முடக்குவாதத்துக்கு வருவோம். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய் இது. பாதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே மருந்து ஆரம்பித்தால் மூட்டுகளைக் காப்பாற்றிவிடலாம். சிதைந்தபின் எந்த மருந்தும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. இங்கே பத்தியமும் மூலிகையும் மட்டும் போதும் என்று காத்திருப்பதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். பொதுவாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. முடக்குவாதத்துக்காகச் செய்யும் ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனையில் 'நெகட்டிவ்' என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது.

வலி மாத்திரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து கொடுக்கப்பட்டிருந்த மாடுகள் செத்தபின், அவற்றின் இறைச்சியைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியா முழுவதும் கொத்துக் கொத்தாக மடிந்தன. சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளை வெள்ளையாகப் படிந்து அவை செத்திருந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனித உடல் அந்த அளவு பலவீனமானதில்லைதான். ஆனால் இதே வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் நம் சிறுநீரகமும் இரைப்பையும் பாதிக்கப்படும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். அதே மருந்து ஜெல்லாகக் கிடைக்கிறது. முழங்காலில் பூசினால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு.

இதைவிடக் கவலை தருவது, லேபிள் இல்லாத பொட்டலத்தில் "மூலிகை" என்று விற்கும் பொடிகள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டதென்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். நெடுநாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

இந்த மூன்றைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரின் ஃப்ளோரைடாலும் மூட்டு இறுகும். அங்கே குடிநீரை மாற்றுவதுதான் வைத்தியம். சிக்குன்குனியாவுக்குப் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் வலியைத் தமிழகம் 2006லேயே அனுபவித்திருக்கிறது.

காலை எழுந்ததும் அரை மணி நேரத்துக்குமேல் விரல்கள் இறுகியிருந்தால், மூட்டு வீங்கி ஆறு வாரம் தாண்டியிருந்தால், காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து கொதித்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்; காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே. நடக்க முடியாமல் வீட்டிலேயே இருக்கும் பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வந்து பயிற்சி தருவார், கட்டணம் இல்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.