லாரன்ஸ் ஹோப்பின் இறுதிக் காணிக்கை

சென்னைத் தீவுத்திடலை அடுத்துள்ள தூய மேரி கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஆங்கிலப் பெண் கவிஞரும் அவர்தம் கணவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கவிஞரின் இயற்பெயர் அடீலா ஃபுளோரன்ஸ் நிக்கல்சன். நூல்களில் அவர் பூண்ட பெயரோ லாரன்ஸ் ஹோப் என்னும் ஆண்பெயர். நம் மண்ணில் முடிந்த அவ்வாழ்வைத் தமிழுலகம் மிகுதியும் அறிந்திலது.

1865-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1881-இல் இந்தியா வந்தார். படை அலுவலராகிய தந்தையார் லாகூரில் இதழ்ப்பணியும் ஆற்றியவர். 1889-இல், தம்மினும் ஏறத்தாழ இருமடங்கு வயதுடைய மால்கம் நிக்கல்சன் என்னும் படைத்தலைவரை அடீலா மணந்தார். கணவர் இந்நாட்டு மொழிகள் பலவற்றில் வல்லவர். மனைவியாரும் பிற வெள்ளையர் குடும்பங்களைப் போல் ஒதுங்கி வாழாமல், இந்நாட்டு மக்களின் வழக்கங்களை ஆர்வத்தோடு கற்றார்.

விக்டோரியா மகாராணியார் மறைந்த 1901-ஆம் ஆண்டிலேயே 'காமனின் பூங்கா' என்னும் பொருள்படும் அவர்தம் முதல் தொகுதி இலண்டனில் வெளிவந்தது. இந்தியக் காதற் பாடல்களைச் செய்யுளாக அமைத்தவர் என்றே முகப்பில் ஹோப் குறிக்கப்பட்டார். யாரோ ஓர் ஆடவர் மொழிபெயர்த்த பாடல்கள் எனப் பலரும் நம்பினர். உண்மையில் அவற்றுட் பெரும்பாலானவை அவர்தம் சொந்தப் படைப்புகளே. யாசின்கான், ஜஹீருத்தீன் முதலிய பாத்திரங்களின் வாயிலாகவே அவர் பேசினார். ஷாலிமார் தோட்டத்தை நினைந்துருகும் பாடலுக்கு 1902-இல் ஏமி உட்ஃபோர்டு-ஃபின்டன் என்னும் அம்மையார் இசையமைக்க, அது ஆங்கிலேயர் இல்லந்தோறும் ஒலித்தது.

அகத்திணை பயில்வார்க்கு இது புதுமையன்று. தலைவன், தலைவி, தோழி எனப் பிறர் கூற்றாகவே நம் புலவர் காதலைப் பாடினர். ஒருவரையும் பெயர் சுட்டவில்லை. வேம்பு என்னும் அடையாளப் பூ பாண்டியனைச் சுட்டிவிட்டமையால் நெடுநல்வாடையைப் புறம் என்று நச்சினார்க்கினியர் கொண்டதை மாணவர் அறிவர்.

சில ஆண்டுகள் இங்கிலாந்தில் இருந்துவிட்டு, 1904-இல் கணவரும் மனைவியும் மீண்டும் இந்தியா வந்து கோழிக்கோட்டுப் பகுதியில் தங்கினர். (கோழிக்கோட்டிலிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதை அன்றும் நம் திருப்பூர் வழியேதான் சென்றது.) அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் சென்னை மருத்துவமனையொன்றில் அறுவை சிகிச்சையின்போது நிக்கல்சன் காலமானார். இரண்டு திங்கள்கூட நிறையவில்லை. அக்டோபர் 4-ஆம் நாள் அடீலா தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அகவை 39. இங்கிலாந்தில் விட்டுவந்த மகனுக்கு நான்கு வயதுதான்.

இம்முடிவைக் காதலின் வெற்றி எனச் சிலர் புகழ்ந்தெழுதினர். நமக்கு அஃது உடன்பாடன்று. பூதபாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாய்ந்த செய்தியை இதனோடு ஒப்பிடுவாரும் உளர்; ஆயின் அவள் சான்றோர் தடுத்தும் அவர்முன் தன் நிலையை எடுத்துரைத்தவள். அடீலாவின் துயரம் எவரும் உடனின்றித் தடுப்பாருமின்றிக் கழிந்த துயரம். நாம் கற்க வேண்டியது அவர் இறந்த முறையை அன்று, இறுதியாக எழுதியதையே.

அவர் மறைந்தபின் 1905-இல் வெளிவந்த தொகுதியின் முகப்பில் ஒரு காணிக்கைப் பாடல் உள்ளது. அதன் தலைப்பில் மால்கம் நிக்கல்சன் என்னும் பெயர் வெளிப்படையாக நிற்கிறது. எளிய காதல்களைப் பற்றிப் பலவாகப் பாடிய தாம், கணவரைப் பற்றி ஒன்றும் வெளியிடாதது அயலார் நாவில் அது பட்டுவிடலாகாதே என்பதனால்தான் என்று அதில் கூறுகிறார். அத்தனை பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தவர், தம் குரலைக் கணவர் இறந்த பின்னரே ஒலித்தார். நம் இலக்கணப்படி, பெயர் சுட்டப்பட்ட அந்தப் பாடல் புறமாகிவிடுகிறது. அகத்தின் உச்சமும் அதுவே. இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் அது நிற்பதாகக் கொள்ளலாம்.

நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி அவருக்கு இரங்கலுரை எழுதினார். 1922-இல் மகனே தாயின் கவிதைகளைத் தேர்ந்து தொகுத்து வெளியிட்டார். அந்நூலின் தலைப்பிலும் லாரன்ஸ் ஹோப் என்னும் பெயரே உள்ளது.