முகாமில் பிறந்தவர்களின் முகவரி

மேலநீலிதநல்லூரைச் சுற்றியுள்ள கிராமங்கள் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் பிழைப்புத் தேடி வெளியேறுவது சங்கரன்கோவில் வட்டாரத்துக்குப் புதிதன்று. இன்று அந்தப் பயணம் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கிறது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அது இலங்கையின் காபி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றது. தென்மாவட்ட மக்களின் பேச்சில் அந்த இடத்துக்குப் பெயர் கண்டிச்சீமை. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பகுதிகளைப் போலவே, சங்கரன்கோவிலை உள்ளடக்கியிருந்த அன்றைய திருநெல்வேலி மாவட்டத்திலும் கங்காணிகள் ஆள் திரட்டினார்கள்.

அப்படிச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இன்று தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழ்கிறார்கள். தென்காசி மாவட்டத்திலேயே போகநல்லூரில் ஒரு முகாம் இருக்கிறது. பாட்டன் பிறந்த மண்ணில் நின்றுகொண்டிருக்கும் இவர்களைச் சட்டம் வெளிநாட்டவர் என்கிறது. இந்த முரண் எப்படி நேர்ந்தது? இவர்களுடைய உரிமைக்காக உழைப்பவர்கள் உண்மையில் செய்வது என்ன? உரிமைப் போராட்டம் என்றதும் ஊர்வலமும் உண்ணாவிரதமும் நம் நினைவுக்கு வருகின்றன. அகதிகள் விஷயத்தில் பலன் தந்த வேலை பெரும்பாலும் அவ்வளவு வெளிச்சத்தில் நடக்கவில்லை. அது ஒரு காகிதத்தைப் பெறும் வேலை; பெற்ற காகிதத்தைக் காப்பாற்றும் வேலை.

பறிப்பும் காகிதத்தின் வழியாகவே நடந்தது. சுதந்திர இலங்கையின் முதல் பெரிய சட்டங்களுள் ஒன்று 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று அது கேட்டது. தோட்டத்து லயன்களில் நிகழ்ந்த பிறப்புகளை முறையாகப் பதிவு செய்தவர் யார்? நிரூபிக்க இயலாத லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்து வாக்குரிமையும் போயிற்று. இலங்கையின் பிறப்புச் சான்றிதழ்களில் பாட்டனார் பிறந்த இடத்தைக் கேட்கும் பத்தி நெடுங்காலம் இடம்பெற்றிருந்ததற்கு இந்தச் சட்டமே காரணம்.

இதை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்படும்போது வடகிழக்குத் தமிழர் வாய்மூடி இருக்கலாகாது என்பது அவரது நிலை.

பின்னர் இரு அரசுகளும் இந்த மக்களைக் கணக்குப் பார்த்துப் பங்கிட்டன. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்கள் 9.75 லட்சம் பேர் என மதிப்பிட்டது. 5.25 லட்சம் பேரை இந்தியாவும் 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய 1.5 லட்சம் பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. உங்களுக்கு எந்த நாடு வேண்டும் என்று இந்த மக்களைக் கேட்டுவிட்டுப் போட்ட ஒப்பந்தங்கள் அல்ல இவை. நடைமுறை ஆமை வேகத்தில் நகர்ந்தது. 1984-இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பல் நின்றபோது, இந்தியாவுக்கு வரவேண்டியவர்களில் பலர் அங்கேயே தங்கிப்போனார்கள்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அகதிகள் வரத் தொடங்கினர். 1983 முதல் வந்தவர்களின் எண்ணிக்கை மூன்று லட்சத்துக்கும் மேல் என்கிறது தமிழக அரசின் கணக்கு. அவர்களில் வடகிழக்குத் தமிழர்களும் உண்டு. முந்தைய கலவரங்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னியில் குடியேறிய இந்திய வம்சாவளியினரும் உண்டு. 1984-இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நிறுவிய எஸ்.சி. சந்திரகாசன், செல்வநாயகத்தின் மகன். தந்தை எதிர்த்த சட்டத்தால் நாடிழந்தவர்களின் சந்ததியினர், மகன் அமைத்த கழகத்தின் வாசலுக்கு வந்து நின்றார்கள். அகதிகளையே பணியாளர்களாகக் கொண்டு கல்வி, சுகாதாரம், ஆவணங்கள் எனப் பணிகளை வகுத்துக்கொண்டது அக்கழகத்தின் தனித்தன்மை.

ஓர் ஆவணம் எவ்வளவு ஆபத்தாகவும் ஆகலாம் என்பதை 1992 காட்டியது. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி விரைவுபட்டது. விருப்பத்துடன் திரும்புவதாக, அகதிகளுக்கு விளங்காத ஆங்கிலப் படிவங்களில் ஒப்புதல் பெறப்படுகிறது என்ற புகார் எழுந்தது. பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, திரும்புவோரின் விருப்பம் உண்மையானதா எனச் சரிபார்க்கும் ஏற்பாடு அந்த ஆண்டில்தான் வந்தது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் மதிப்பு புரியும்.

அடுத்த நெடிய பணி, முகாமில் பிறந்த குழந்தைகளின் பிறப்புப் பதிவு. உள்ளூரில் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதைக் கொண்டு சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்தால்தான் அக்குழந்தைக்கு இலங்கைக் குடியுரிமை உறுதியாகும். செய்யாவிட்டால் அது இரு நாடுகளின் ஏட்டிலும் இல்லாத குழந்தை. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இலங்கை 2003-இல் இயற்றியபோது, முகாம்களில் இருந்தவர்கள் அதன் வரம்புக்கு வெளியே நின்றனர். 2009-இல் வந்த திருத்தம் அவர்களுக்கும் வழி திறந்தது.

இந்தியச் சட்டத்திலும் ஒரு கதவு இருந்தது; பலர் அதைத் தட்டாமலே இருந்தார்கள். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மூன்றாம் பிரிவின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராயினும், பொதுவாக இந்தியக் குடிமக்களே. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. அவர் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றார். 2022-இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அந்த வெற்றிக்கு அடித்தளம் மண்டபத்தில் பிறந்ததைக் காட்டிய பிறப்புச் சான்றிதழ்.

1987-க்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. அந்த ஆண்டு முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் விதி இன்னும் இறுகியது. பதிவின் மூலம் குடியுரிமை பெறவும் "சட்டவிரோதக் குடியேறி" என்ற சொல் குறுக்கே நிற்கிறது. குண்டுவீச்சுக்குத் தப்பிப் படகில் வந்தவரிடம் கடவுச்சீட்டும் விசாவும் எங்கே இருந்திருக்கும்? 2019 ஜூனில், இந்திய வம்சாவளி அகதிகள் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும் மத்திய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்றும் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுகொண்டது. இலங்கை அதில் இல்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9-க்குள் இங்கு அடைக்கலம் புகுந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, உரிய பயண ஆவணம் இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என்பது அதன் சாரம். இது பெரிய நிம்மதி. ஆயினும் இது குடியுரிமை ஆகாது. "பதிவு செய்துகொண்ட" என்ற சொற்கள் இங்கும் வாசலில் நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

2021-இல் தமிழக அரசு வெளியிட்ட விவரப்படி 108 முகாம்களில் 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே 34,087 பேரும் இருந்தனர். இத்தனை பேருக்கும் ஒரே தீர்வு என்று பேசுவதில் பொருளில்லை. 1987-க்கு முன் இங்கே பிறந்தவர் ஏற்கெனவே குடிமகன். அவருக்குத் தேவை அங்கீகாரம். இந்தியக் குடிமகனை மணந்தவரின் குழந்தைக்கு வேறு விதி. இந்திய வம்சாவளியினருக்கு ஒப்பந்தங்களின் நிறைவேறாத வாக்குறுதி துணை நிற்கிறது. இலங்கைக்குத் திரும்ப விரும்புபவருக்கு வேண்டியது காணியும் பாதுகாப்பும். குடியுரிமை கொடுத்தால் தாயகம் திரும்பும் கோரிக்கை வலுவிழக்கும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்கே வாழ்வது என்ற முடிவு அகதியினுடையது. 1964-இல் கேட்காமல் விட்ட கேள்வியை இப்போதாவது அவர்களிடம் கேட்க வேண்டும்.

இதில் சங்கரன்கோவில் வட்டாரத்துக் கிராமங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இந்திய வம்சாவளி என்று விண்ணப்பிக்கும் அகதி, தன் முன்னோரின் ஊரைக் காட்ட வேண்டியிருக்கிறது. அவர் கையில் இருப்பது பெரும்பாலும் தாத்தா சொன்ன ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே. அதற்கான சான்று நம் ஊரின் பழைய பத்திரங்களிலும், பள்ளிப் பதிவேடுகளிலும், தேவாலய ஞானஸ்நான ஏடுகளிலும், சொந்தக்காரர் வீட்டுப் பெட்டியில் மடித்து வைத்த கண்டிச்சீமைக் கடிதத்திலும் இருக்கலாம். முகாமிலிருந்து ஒருவர் ஊர் தேடி வந்தால், அவரை உட்காரவைத்து அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதும், கிராம நிர்வாக அலுவலர் பழைய பதிவைத் தேடி எடுத்துத் தருவதும் சிறிய உதவிகள் அல்ல. ஒரு குடும்பம் நான்கு தலைமுறையாகத் தேடும் முகவரி அதில் கிடைத்துவிடக்கூடும்.