இளம் வில்லாளருக்கான அம்பு நீளம்

அம்பு நீளம் என்பது, அம்பின் பின்முனையில் நாண் பொருந்தும் பிளவின் அடியிலிருந்து தண்டின் முன் விளிம்பு வரை உள்ள தூரமாகும். கூர்முனை இந்த அளவில் சேராது. வில்வித்தை பழகும் சிறுவர்களுக்கு அம்பு நீளம் குறி தப்பாமைக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புக்கும் அடிப்படையானது.

குட்டையான அம்பின் ஆபத்து

நாணை முழுமையாக இழுக்கும்போது, குட்டையான அம்பின் முனை அம்பு தாங்கியைக் கடந்து உட்புறமாக நழுவிவிடும். அந்நிலையில் நாணை விட்டால் முனை வில்லிலோ, வில்லைப் பிடித்த கையிலோ மோதும். தண்டு முறிந்து கையைத் துளைக்கவும் கூடும். தேவைக்கு மேல் நீளமான அம்பு எடை கூடித் தாழ்வாகப் பறக்கும். ஆனால் இந்த ஆபத்து அதில் இல்லை. ஆகவே ஐயம் இருந்தால் நீளமான அம்பையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அளக்கும் முறை

இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து 2.5 ஆல் வகுத்தால் தோராயமான இழுப்பு நீளம் கிடைக்கும். கைவிரிப்பு 140 செ.மீ. எனில் இழுப்பு நீளம் 56 செ.மீ., அதாவது சுமார் 22 அங்குலம். வளரும் சிறுவருக்கு இதனுடன் 2 அங்குலம் சேர்த்து 24 அங்குல அம்பைத் தேர்வு செய்யலாம்.

இக்கணக்கு தொடக்க மதிப்பீடு மட்டுமே. எடை குறைந்த வில்லில் மிக நீளமான அம்பைப் பொருத்தி, பயிற்சியாளர் முன்னிலையில் இலக்கை நோக்கி முழுமையாக இழுக்கச் செய்து, வில்லின் முன்புறத்துக்கு நேராக அம்பில் குறியிடுவதே நம்பகமான முறை. குறியிட்டபின் நாணை விடாமல் மெதுவாகத் தளர்த்த வேண்டும்.

கைவிரிப்புக் கணக்கின் வரம்புக்குச் சம்மு காசுமீரின் கிசுத்துவார் மாவட்டத்தைச் சேர்ந்த சீத்தல் தேவி எடுத்துக்காட்டு. பிறவியிலேயே கைகள் இல்லாத இவர் வில்லைக் காலால் பிடித்து, தோளால் நாணை இழுத்து எய்கிறார். 2024 பாரிசு பாராலிம்பிக்கில் ராகேசு குமாருடன் இணைந்து, தம் 17ஆம் வயதில் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். இத்தகையோருக்கு முழுமையாக இழுத்த நிலையை அளப்பது ஒன்றே வழி.

நீளமும் விறைப்பும்

அம்புத் தண்டில் அச்சிடப்படும் விறைப்பு எண், 28 அங்குல இடைவெளியில் தாங்கப்பட்ட தண்டின் நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடும்போது அது எவ்வளவு வளைகிறது என்பதை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில் குறிக்கிறது. 1000 எண் கொண்ட தண்டு 1 அங்குலம் வளையும். 500 எண் கொண்டது அரை அங்குலமே வளையும். இழுவிசை குறைந்த சிறுவர் வில்லுக்குப் பெரிய எண் கொண்ட, எளிதில் வளையும் தண்டு ஏற்றது. ஒரே தண்டை வெட்டிக் குறைத்தால் அதன் விறைப்பு கூடும்; நீளமாகவே விட்டால் வளைவு கூடும்.

மறு அளவீடு

கைகள் வளர்வதாலும், தோள், முதுகுத் தசைகளைச் சரியாகப் பயன்படுத்தக் கற்பதாலும் இழுப்பு நீளம் கூடும். எனவே சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் அளக்க வேண்டும். முழுமையாக இழுத்த நிலையில் முனை அம்பு தாங்கியை நெருங்கினால், அந்த அம்புகளை உடனே மாற்ற வேண்டும். அண்ணன், அக்காள் பயன்படுத்திய அம்புகளையும், பயிற்சிக் களத்தில் பலர் பகிர்ந்துகொள்ளும் அம்புகளையும் இவ்வாறு சோதித்த பின்னரே எய்யலாம்.